ஈச்சம்பள்ளத்தில் சாயாத மாடுகள்

மாயாற்றுக்கு மேலே, காடு முடிந்து சோளக்காடு தொடங்குகிற மேட்டில் ஈச்சம்பள்ளம் என்று ஓர் ஊர். அந்த ஊரில் வேலாத்தாளின் செவலைப் பசு ஒரு புரட்டாசிக் காலையில் செத்துப்போனது. செத்தும் கீழே சாயவில்லை. அதற்கு முன்னால் அது கால் நீட்டிப் படுத்து முனகிக் கிடந்தது உண்மை, மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிற ஆறுக்குட்டி மொபெட்டில் வந்து கழுத்தில் வலி ஊசி போட்டதும் உண்மை. வலி விட்டதும் மாடு தன்னால் எழுந்தது, உடம்பை ஒருதரம் உதறியது, நாலு காலையும் நன்றாக ஊன்றி நின்றது, பிழைத்துக்கொண்டது என்று வேலாத்தாள் கையெடுத்துக் கும்பிட்ட அதே நேரத்தில் மூச்சை விட்டது. கண் திறந்திருந்தது, வாயோரம் சோளத்தட்டு ஒன்று பாதி மென்றபடி தொங்கியது, மூக்கில் வைத்த கைக்கு மட்டும் காற்று வரவில்லை.

இப்போது சாயும், இப்போது சாயும் என்று பொழுது ஏறும்வரை பார்த்தார்கள். கயிறு போட்டு இழுத்தார்கள், கயிறு அறுந்தது. டிராக்டரைக் கொண்டுவந்து கட்டி இழுத்தார்கள், டிராக்டரின் முன்சக்கரம் மேலே தூக்கிக்கொண்டதே தவிர மாட்டின் குளம்பு மண்ணைவிட்டு நகரவில்லை. நிற்கிற இடத்திலேயே புதைத்துவிடுவோம் என்று சுற்றிக் குழி வெட்டினால், காலடி மண் மட்டும் மேடை மாதிரி நின்றுகொண்டது. ஈ மொய்க்கவில்லை, வயிறு உப்பவில்லை, நாற்றமில்லை. கோயிலில் பூசாரிக்கு அருள் வரவழைத்துக் கேட்டார்கள். அருள் வந்த சாமி நெடுநேரம் ஆடிவிட்டு, "எனக்கே இது புதுசா இருக்குது, போங்கப்பா" என்று சொல்லி மலையேறிவிட்டது.

அதற்குப் பிறகு ஐப்பசியில் பக்கத்து வீட்டு எருது நின்றது. கார்த்திகையில் மேலத் தெருவில் ஒரு கிழட்டுப் பசு நின்றது. அப்புறம் எந்த மாடு செத்தாலும் நின்றுதான் செத்தது, செத்தபின்னும் நின்றது. ஊர் என்ன செய்யும்? பழகிக்கொண்டது. பால் வண்டிக்காரன் எந்தெந்த முனையில் வளைக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டான். பெண்கள் கொம்புக்கும் கொம்புக்கும் கயிறு கட்டித் துணி காயப்போட்டார்கள். கல்யாண வீட்டுப் பந்தலுக்கு ஒரு மூலைக்காலாக எருது நின்றது, உறவென்று வந்த ஒறம்பரைக்காரர்கள் அதற்கும் சந்தனம் தெளித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். மாட்டுப் பொங்கலன்று உயிரோடிருக்கிற மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் அடிக்கும்போது செத்து நிற்கிற மாட்டை எப்படி விடுவது என்று அதற்கும் அடித்தார்கள். தேர்தல் நேரத்தில் ஒருவன் செவலையின் விலாவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு வேலாத்தாளிடம் விளக்குமாற்று அடி வாங்கினான். "செத்தது உன்ர மாடு, நிக்கறது என்ர காட்டுல" என்று வரப்புச் சண்டை வந்தபோது ஊர்க்கூட்டம் கூடி, மாடு நிற்கிற இடம் மாட்டுக்குச் சொந்தம், அதை உழவும் கூடாது, கேட்கவும் கூடாது என்று தீர்த்துவைத்தது.

ஊருக்குப் பெரியவரான சென்னியப்பனுக்கு மட்டும் ஒரு கவலை. "நாளைக்கு நமக்கும் இப்படியே ஆயிட்டா என்ன பண்றது?" என்றார் பால் சொசைட்டி வாசலில். கேட்டுவிட்டு அவரே வழியும் சொன்னார். "அப்படி ஆச்சுன்னா என்னை முன்னாலயே நாற்காலியில உக்கார வெச்சுருங்கப்பா. நின்னா எனக்கு முட்டி வலிக்கும்" என்றார். சிரித்தார்கள், ஆனால் வீட்டுக்குப் போகும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

இந்த ஊரின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் மாடு கிழடானால் சந்தைக்கு ஓட்டிவிடுவார்கள், ஈச்சம்பள்ளத்துக்காரர்கள் ஓட்டமாட்டார்கள். தன் கட்டுத்தரையில் பிறந்தது தன் கட்டுத்தரையிலேயே போக வேண்டும், போகும்போது வலி தெரியாமல் போக வேண்டும். மாடு விழுந்துவிட்டால் நெற்றியில் மஞ்சள் பூசி ஆறுக்குட்டிக்கு ஆள் அனுப்புவார்கள். ஆறுக்குட்டி ஒரு காலத்தில் மாட்டாஸ்பத்திரியில் உதவிக்கு நின்றவர், மருந்துப் பெட்டியை மொபெட்டில் கட்டிக்கொண்டு கூப்பிட்ட வாய் மூடுவதற்குள் வந்துவிடுவார். மனிதர்களுக்கு விற்கிற பெரிய குப்பியில்தான் அந்த வலி மருந்து இருக்கும், மாட்டின் கனத்துக்கு அது தாராளமாகவே வேண்டும். ஊசி இறங்கினால் மாட்டின் முனகல் நிற்கும், அதைக் கேட்டு நிற்கிறவர்களின் நெஞ்சும் அடங்கும். "ஊசி போடாம மாட்டைச் சாகவிட்ட வீடு" என்று ஒரு சொல் விழுந்துவிட்டால் அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். அவ்வளவு பாசமான ஊர்.

செத்த மாட்டை முன்பெல்லாம் ஊருக்கு வெளியே பாறைத்திட்டுக்கு இழுத்துப்போய்ப் போடுவார்கள். வானத்தில் ஒன்றுமே இருக்காது. போட்ட கொஞ்ச நேரத்தில் பாறு வந்துவிடும். கழுத்தில் மயிரில்லாத, முதுகில் வெள்ளை அடித்த, இறக்கையை விரித்தால் ஒரு கட்டிலை மூடுகிற பெரிய கழுகு. மத்தியானத்துக்குள் எலும்பைக் கழுவிவைத்த மாதிரி வைத்துவிட்டுப் போகும். பார்க்க லட்சணமில்லாத பறவை, பிணத்தைத் தின்கிற பறவை, கண்டால் காறித் துப்புகிற பறவை. அதனால் அது குறைந்துபோனதை யாரும் பார்க்கவில்லை, இல்லாமலே போனதையும் யாரும் பேசவில்லை.

நிற்கிற மாடுகள் பெருகப் பெருக, உயிரோடிருக்கிற மாடுகளுக்குத்தான் வினை வந்தது. கன்று தாயைவிட்டு நகராது. செவலையின் கன்று பூமறை, சிவப்பு உடம்பில் வெள்ளைப் பூப்பூவாகத் தெளித்த மாதிரி இருக்கும், அதை வேலாத்தாள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். அவளுக்கு மகனும் இல்லை மகளும் இல்லை, புருஷன் போய்ச் சேர்ந்து காலமாயிற்று, பேச ஒரு வாய் என்றால் பூமறைதான். அந்தப் பூமறை வளர்ந்து பெரிய பசுவான பிறகும் காலையில் அவிழ்த்துவிட்டால் மேய்ச்சலுக்குப் போகாமல் செவலையின் பக்கத்தில் போய் நிற்கும். தாயின் குளிர்ந்த கழுத்தை நக்கும், நக்கிவிட்டு முகத்தைப் பார்க்கும், திரும்ப நக்கும். புல்லைக் கொண்டுபோய் முன்னால் போட்டால் அதைத் தள்ளித் தாயின் வாய்ப்பக்கம் வைக்கும். ஊரில் எல்லாத் தெருவிலும் இதே கதைதான், பால் வற்றியது, மாடுகளின் விலா எலும்பு வெளியே தெரிந்தது.

அப்படி இருக்கையில் ஒரு மார்கழியில் வேலாத்தாள் விளக்குமாற்றுப் புல் அறுக்க ஆற்றங்கரைச் சரிவுக்குப் போனாள். காட்டில் தனியாகப் போகக்கூடாது என்று வேட்டைத் தடுப்புக் காவலர் ரேசன் கூடவே வந்தான். அவன் இருளர் பதியில் பிறந்தவன், அந்தச் சரிவில்தான் அவனுக்கு வேலை. ஒரு மூங்கில் புதரைத் தாண்டியதும் வேலாத்தாள் நின்றுவிட்டாள். கீழே எலும்புக்கூடு. முழு மாட்டின் எலும்புக்கூடு, படுத்தபடி, தோல் இல்லாமல், ஒட்டிய சதை இல்லாமல், பனி பட்டு வெள்ளை வெளேரென்று.

"இது சென்னியப்பன் மாமனோட காளையில்ல? ஒத்தக் கொம்பு முறிஞ்சது. ஆடியில காணாமப் போச்சுன்னு தேடினாங்களே."

"ஆமாங்க்கா, பள்ளத்துல உருண்டு விழுந்துருச்சு."

"விழுந்துச்சா? படுத்தா செத்துச்சு?"

"படுத்துத்தானுங்க்கா எதுவும் சாகும்" என்றான் ரேசன். சொல்லிவிட்டு, எந்த ஊர்க்காரியிடம் சொல்கிறோம் என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வேலாத்தாள் எலும்பைத் தடவிப்பார்த்தாள். "இதை யாரு இவ்வளவு சுத்தமா வெச்சது?"

ரேசன் மேலே கையைக் காட்டினான். ஆற்றோரம் ஓங்கி நின்ற நீர்மருத மரத்தின் உச்சிக்கிளையெல்லாம் எச்சம் வழிந்து சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. அதன் கவட்டில் சுள்ளிக்கூடு ஒன்று, கூட்டின் மேல் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, போர்வை போர்த்த கிழவனைப்போல ஒரு பாறு. இன்னொன்று பக்கத்துக் கிளையில் இறக்கையை விரித்து வெயில் காய்ந்தது. அவள் சின்னப் பெண்ணாகத் துப்பிய அதே பறவை. இன்றைக்கு என்னவோ வாயில் எச்சில் ஊறவில்லை.

"இருக்குதா இது? செத்துத் தொலைஞ்சுதுன்னு நெனச்சேனே."

"இதோட சரிங்க்கா. இந்தச் சரிவு முச்சூடும் கூடா இருந்துச்சு. ஒண்ணொண்ணாத் தலையத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கும், ஒருநா பொத்துன்னு விழுகும். நானே ஒண்ணை மடியில வெச்சுத் தூக்கிட்டுப் போனேன். டாக்டருங்க அறுத்துப் பாத்தாங்க. உள்ள குடலு, ஈரலு மேலெல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையா இருந்துச்சு. மாட்டுக்குப் போட்ட வலி மருந்தாம். அந்தக் கறியத் தின்னா இதுக்குக் கிட்னி கெட்டுப்போயிருமாம்."

வேலாத்தாள் எலும்பிலிருந்து கையை எடுத்தாள். "வலி மருந்துன்னா, ஆறுக்குட்டி போடறதா?"

"ஆருதுன்னு நான் சொல்லலீங்க்கா."

"இப்பவும் சாகுதா?"

ரேசன் கூட்டை அண்ணாந்து பார்த்தான். "இல்லீங்க்கா. ஒரு புரட்டாசியிலிருந்து ஒண்ணும் சாகலை. நானும் ஏன்னு நெனச்சு நெனச்சுப் பாத்தேன், தெரியலை. ஊரு மாடு இதுக்குக் கெடைக்கறதில்லையே, அதனாலயோ என்னமோ. நிக்கற மாட்டைப் பாறு தொடாதுங்க, உசுரு இருக்குதுன்னு நெனச்சுக்கும். காட்டுல விழுகற மானு, பள்ளத்துல விழுகற மாடுன்னு எப்பவாவது ஒண்ணு. பாதிப் பட்டினிதான்."

அவள் புல் அறுக்காமலே திரும்பினாள். ஊருக்குள் வந்து நேராகச் செவலையின் முன்னால் போய் நின்றாள். அந்தத் திறந்த கண்ணைப் பார்த்தாள், ஊன்றிய குளம்பைப் பார்த்தாள். சாபம் என்று சொன்னார்கள், யாரோ செய்த பாவம் என்று சொன்னார்கள், இத்தனை காலம் அவளும் அப்படித்தான் நினைத்து விளக்கு வைத்தாள். "தெரிஞ்சுதான் நின்னியா சாமி?" என்று கேட்டாள். "உடம்பு முச்சூடும் நாங்க ஏத்துன விசத்தை வெச்சுக்கிட்டு, படுத்தா அது வந்து தின்னு செத்துப்போகும்னு, அதுக்குத்தான் படுக்காம நிக்கறியா?" செவலை எப்போதும்போல நின்றது. வேலாத்தாள் அதன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். பூமறை வந்து அவளையும் சேர்த்து நக்கியது.

மறுநாள் பால் சொசைட்டி வாசலில் அவள் இதைச் சொன்னாள். சொன்னதும் வரிசை கலைந்துவிட்டது.

"கழுகுக்குப் பரிஞ்சுக்கிட்டு மாட்டுக்கு வலி ஊசி வேண்டாங்கறியா அம்மிணி? நல்லாருக்குது நாயம்" என்றாள் மேலத் தெரு அங்காத்தாள்.

"நான் வேண்டாங்கலை. ரேசன் சொன்னதைச் சொன்னேன்."

"உன்ர மாடு விழுந்து கத்தறப்பச் சொல்லு, அப்பக் கேட்டுக்கறோம்."

"கழுகு வந்து பாலு கறக்கும்னு சொல்லலையா உன்ர ரேசன்?" என்று யாரோ பின்னால் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஆறுக்குட்டியும் அங்கேதான் நின்றிருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

மாசி பிறந்ததும் பூமறை விழுந்தது. தின்னாமல் தின்னாமல் வற்றிய உடம்பு. வயிற்றில் ஏதோ பிடித்துக்கொண்டது, கட்டுத்தரையில் பக்கவாட்டில் விழுந்து காலை உதைத்தது. விடியும்போது தொடங்கிய கத்தல் அடங்கவே இல்லை. ஊர் கூடிவிட்டது. யாரோ மஞ்சள் கரைத்துக்கொண்டு வந்தார்கள், யாரோ ஆறுக்குட்டிக்குப் போன் போட்டார்கள். அவர் பெட்டியோடு வந்து, மாட்டின் கண் இமையைத் தூக்கிப் பார்த்து, வயிற்றில் காதை வைத்துக் கேட்டு, வேலாத்தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பொழைக்காதுங்க்கா."

"தெரியுது."

"நீங்க சொன்னதுக்கப்புறம் நான் மாட்டாஸ்பத்திரி டாக்டர்கிட்டக் கேட்டனுங்க. நெசந்தான்னுட்டாரு. பறவைக்கு ஒண்ணும் பண்ணாத வலி மருந்து வேற இருக்குதாம், வாங்கித் தரேன்னாரு. இன்னைக்கு எடுத்துட்டு வரலாம்னா, மலைப்பாதையில லாரி கவுந்து கெடக்குது, பொழுது சாயறவரைக்கும் வண்டி விடமாட்டாங்க. பெட்டியில இருக்கறது பழசுதான்." குப்பியைக் கையில் எடுத்தார், போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "நீங்க சொல்றதுதானுங்க்கா."

பூமறை தலையைத் தரையில் மோதிக்கொண்டு ஒரு சத்தம் போட்டது. கூட்டத்தில் இருந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஏன் நிக்கறே, போடு ஆறுக்குட்டி!" என்றார் சென்னியப்பன். "கேட்கச் சகிக்கலை."

"போட்டா எந்திரிச்சுக்கும், வலியில்லாம நின்னுக்கும், அவங்கம்மா பக்கத்துலயே நிக்கட்டும். ஜோடியா இருக்கும்" என்றாள் அங்காத்தாள். இந்த முறை அவள் குத்திப் பேசவில்லை, அழுதுகொண்டேதான் சொன்னாள்.

அதுதான் வேலாத்தாளுக்கும் ஆசை. தாயும் மகளும் ஜோடியாக, வலியில்லாமல், வாசலில், அவள் சாகிறவரைக்கும் கண் முன்னால். கையை அசைத்தால் போதும், அது நடக்கும். அவளுடைய கை மடியிலிருந்து எழுந்ததை ஊரே பார்த்தது. எழுந்த கை ஆறுக்குட்டியின் கையில் இருந்த குப்பிமேல் போய் விழுந்து, அதை மெல்லக் கீழே இறக்கியது.

"வேண்டாம் ஆறுக்குட்டி."

"அக்கா, கத்துதுங்க்கா."

"கத்தட்டும். அது கத்தறதை நான் கேக்கறேன். நீங்கெல்லாம் கேக்க முடியலைன்னா வீட்டுக்குப் போங்க."

ஊசி போடாமல் மாட்டைச் சாகவிட்ட வீடு. அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே ஒவ்வொருவராகக் கலைந்தார்கள், போகும்போது அவள் வாசலில் செருப்பை உதறிவிட்டுப் போனார்கள். ஆறுக்குட்டி மட்டும் போகவில்லை. பூமறையின் தலையை வேலாத்தாள் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள், அவர் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டார். அது உதைத்த ஒவ்வொரு உதையும் அவர் நெஞ்சில் விழுந்தது, அது கத்திய ஒவ்வொரு கத்தலும் அவள் வயிற்றில் இறங்கியது. ஈரத் துணியை வாயில் பிழிந்தாள். நீ பிறந்தப்ப மழை சாமி, உங்கம்மா உன்னை நக்கியே காயவெச்சா சாமி, புட்டிப்பால் ரப்பரைக் கடிச்சுத் தின்னுட்டே சாமி, என்று அதற்கு அதன் கதையையே சொல்லிக்கொண்டிருந்தாள். உச்சி சாய்ந்த பிறகு கத்தல் முனகலாகியது, முனகல் மூச்சாகியது, மூச்சு நீளமாக ஒருதரம் போனது, திரும்பி வரவில்லை. தலை அவள் மடியில் கனத்தது. அவ்வளவு கனம் ஒரு தலைக்கு உண்டு என்பதையே அந்த ஊர் மறந்திருந்தது.

"படுத்தே இருக்குதுங்க்கா" என்றார் ஆறுக்குட்டி. பிடித்த காலை விடவில்லை. "அப்ப இத்தனை மாட்டுக்கும் நான் போட்டது..."

"நாங்க கூப்பிட்டோம், நீ வந்தே. பாசத்துல பண்ணுனது. எந்திரி, பாறைக்கு இழுக்கோணும்."

அவர்கள் இரண்டு பேருமாகக் கயிறு கட்டினார்கள். மாடு நகர்ந்தது. செத்த மாடு தரையில் நகர்கிற சத்தம் கேட்டுக் கதவுகள் திறந்தன. பாதி வழியில் கயிற்றின் கனம் குறைந்ததை உணர்ந்து வேலாத்தாள் திரும்பினாள். பின்னால் சென்னியப்பனும் அங்காத்தாளும் இன்னும் பலரும் கயிற்றைப் பிடித்திருந்தார்கள்.

அன்றைக்குப் பாறு வரவில்லை. மறுநாள் வெயில் ஏறியும் வரவில்லை. வேலாத்தாள் ஒரு குடையை விரித்துக்கொண்டு பாறைத்திட்டின் ஓரத்தில் உட்கார்ந்து நாய்களை விரட்டினாள். நாற்றம் எழுந்தது, ஊரே மூக்கைப் பிடித்தது. வராமலே போய்விட்டால்? ஒரு உயிரைக் கத்தக் கத்தச் சாகவிட்டு, அது வெறும் புழுவுக்கு ஆகிவிட்டால்? அந்தக் கேள்வியோடு அவள் உட்கார்ந்திருந்தபோது பாறைமேல் ஒரு நிழல் ஓடியது. இன்னொரு நிழல் அதைத் துரத்தியது. பிறகு எங்கிருந்து வந்தனவோ, ஆற்றுக்கு அப்பாலிருந்தோ, வேறு மலையிலிருந்தோ, கண்ணுக்குத் தெரியாத உயரத்திலிருந்து இன்னும் சில இறங்கின. இறக்கைச் சத்தம் புயலில் ஓலை அடிக்கிற மாதிரி இருந்தது. தன் பூமறையை அவை தின்பதை அவள் முகத்தைத் திருப்பாமல் பார்த்தாள். மயிரில்லாத அந்தக் கழுத்து உள்ளே போய் ரத்தத்தோடு வெளியே வந்ததை, இறக்கையை விரித்து ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பசியோடு தின்றதை, தின்று முடித்துக் கனத்துப்போய்ப் பறக்கமுடியாமல் பாறையில் தத்தித் தத்தி நடந்ததை, எல்லாவற்றையும் பார்த்தாள்.

பிறகும் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. தின்றது பிழைக்குமா? அந்த உடம்பில் எப்போதோ போட்ட மருந்து ஏதாவது மிச்சம் இருந்திருந்தால்? ரேசன் வந்து சொல்வான் என்று காத்திருந்தாள், அவன் வரவில்லை. பொறுக்கமாட்டாமல் தானே கிளம்பினாள், ஆறுக்குட்டியும் கூட வந்தார். சரிவில் இறங்கி நீர்மருத மரத்துக்குக் கீழே போனபோது ரேசன் அங்கே அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவர்களைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை, உதட்டில் விரலை வைத்துப் பேச வேண்டாம் என்று காட்டினான்.

கூட்டிலிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது. சாம்பல் பஞ்சு ஒட்டிய, கோணல்மாணலான, லட்சணம் கொஞ்சமும் இல்லாத தலை. பெரிய பாறு கூட்டின் விளிம்பில் தலை நிமிர்ந்து நின்றது. கழுத்தை வளைத்து, தொண்டையை இழுத்து இழுத்து, உள்ளே வைத்திருந்ததை எடுத்துக் குஞ்சின் வாயில் கக்கியது. குஞ்சு அவசரத்தில் பாதியைக் கீழே சிந்தியது. கொஞ்சம் சிவப்பாக என்னவோ ஒன்று வேலாத்தாளின் காலடியில் வந்து விழுந்தது.

அவள் அதை அருவருக்கவில்லை. குனிந்து பார்த்தாள், நெடுநேரம் பார்த்தாள். பிறகு மேலே நிமிர்ந்து, ரேசன் சொன்னதையும் மறந்து, புட்டிப்பால் கொடுத்த காலத்தில் பேசிய அதே குரலில் சொன்னாள்:

"மெதுவாத் தின்னு சாமி. விக்கிக்கப் போகுது."